மரை தேய்ந்தால் பம்பு நிற்க வேண்டுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கைப்பம்பு பராமரிப்பு வேலை செய்யும் ஐந்து உறுப்பினர்கள் சேர்ந்து பேசிய உரை. அன்று வர முடியாமல் போன சகோதரிகளும் படித்துக்கொள்ள இங்கே தருகிறோம்.)

 

எங்களுக்கு மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. ஸ்பேனர் பிடித்த கைக்கு மைக் பிடிக்க வரவில்லை. ஆனாலும் தலைவி அக்கா விடவில்லை. "நீங்க செய்யற வேலையை நாலு குழு தெரிஞ்சிக்கட்டும், பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். அதனால் ஒருத்தர் விட்ட இடத்தை இன்னொருத்தர் பிடித்துக்கொண்டு பேசுகிறோம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பேசப்போவது டேப்பு, டை என்ற இரண்டு சாமான்களைப் பற்றி. டேப்பு என்றதும் நாங்களும் முதலில் தையல்காரர் கழுத்தில் போட்டிருக்கும் அளவு டேப்பைத்தான் நினைத்தோம். எங்களில் ஒருத்தர் தண்ணீர்க் குழாய் என்று நினைத்தார். டை என்றால் தலைமுடிக்குப் போடும் சாயம்தானே என்று இன்னொருத்தர் கேட்டார். சிரிக்காதீர்கள், உங்களிலும் பாதிப் பேர் இப்போது அதைத்தான் நினைத்திருப்பீர்கள்! இது வேறு. இரும்பில் மரை வெட்டும் கருவிகள் இவை. போல்ட்டின் வெளியே இருக்கும் மரையை வெட்டுவது டை. நட்டின் உள்ளே, துளையின் உள்ளே இருக்கும் மரையை வெட்டுவது டேப்பு. இதை மட்டும் இப்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பு நின்ற மூன்று நாள்

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 2022 ஏப்ரல் மாதம். எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய் இருந்தும் காற்றுதான் வந்தது. ஊர் முழுக்க காலனிக் கடைசியில் இருக்கும் அடிபம்பையே நம்பி நின்றது. விடியற்காலை மூன்று மணிக்கே குடம் வரிசை கட்டிவிடும்.

அப்படி ஓயாமல் அடித்த அடியில் இரண்டாம் நாள் பம்பும் கெட்டது. கைப்பிடி லொடலொடவென்று ஆடுகிறது, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. நாங்கள் பயிற்சி எடுத்தவர்கள்தானே, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலைப்பகுதியைத் திறந்து பார்த்தால், செயினில் மாட்டியிருக்கும் மேல் ராடின் மரை தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறது. ராடு செயினை விட்டுக் கழன்று கீழே உட்கார்ந்துவிட்டது.

எங்களிடம் ஸ்பேனர் இருந்தது, வாசர் இருந்தது, மூன்று மீட்டர் நீளத்தில் புது ராடும் பஞ்சாயத்துக் கிடங்கில் இருந்தது. ஆனால் புது ராடை அப்படியே மாட்ட முடியாது. மேல் ராடை ஒவ்வொரு பம்புக்கும் தேவையான அளவுக்கு அறுத்து, அறுத்த முனையில் மரை வெட்டினால்தான் செயினில் ஏறும். அந்த மரையை வெட்டும் டை எங்கள் பையில் இல்லை. பயிற்சியில் ஒருமுறை காட்டினார்கள். நாங்களும் பார்த்துத் தலையாட்டினோம். கை வைத்துப் பழகவில்லை.

ராடைத் துணியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, லேத்துப் பட்டறை பூட்டு. திங்கட்கிழமை போனால் கரண்ட் இல்லை. "நாளைக்கு வாங்கம்மா" என்றார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் வேலை முடிந்தது. அந்த வேலைக்குப் பட்டறையில் ஆன நேரம் கால் மணிகூட இல்லை. கால் மணி நேர வேலைக்கு மூன்று நாள்!

அந்த மூன்று நாளும் ஊர்ப் பெண்கள் வயல்காட்டு மோட்டாருக்குக் குடம் தூக்கிப் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒரு பாட்டி வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர் மருமகள் எங்கள் வாசலில் வந்து நின்று, "பம்பு ரிப்பேர் பாக்கறோம்னு சொன்னீங்களே அக்கா, ஒரு திருகுக்கு மூணு நாளா?" என்று கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். மெதுவாகத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கடன் கேட்ட கதை

அடுத்த குழுக் கூட்டத்தில் டேப்பு, டை செட் வாங்க உள்கடன் கேட்டோம். பெரிய விவாதம் ஆகிவிட்டது. "ஆட்டுக்குக் கடன் கொடுத்தா குட்டி போடும், திருகு குட்டி போடுமா?" என்று ஒரு அக்கா கேட்டார். இன்னொருத்தர், "உங்களுக்கே மரை கழண்டு போச்சா?" என்று கேலி செய்தார். கேட்டதில் தப்பில்லை. குழுப் பணம் எல்லோருடைய சேமிப்பு. கேள்வி கேட்டால்தான் அது பத்திரமாக இருக்கும்.

நாங்கள் கணக்கு வைத்துப் பேசினோம். டவுனுக்குப் போய்வரும் பஸ் செலவு, பட்டறைக் கூலி, இரண்டு பேரின் மூன்று நாள் கூலி, இது ஒரு தடவைக்கு. எங்கள் பஞ்சாயத்தில் உள்ள எல்லா அடிபம்புக்கும் ஒரே அளவு மரைதான். ஒரு டை இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும். கடைசியில் ரூ.4,000 கொடுக்கலாம் என்று தீர்மானம் ஆனது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்து தவணை. மாதம் ரூ.400 அசலும், மீதி அசலுக்கு வட்டியும் கட்டினோம். பத்து மாதத்துக்கும் சேர்த்து வட்டி ரூ.220 ஆனது. ஒரு தவணையும் தவறவில்லை. அந்தப் பணத்தில் செட்டும், சின்ன வைஸ் ஒன்றும், அரம் இரண்டும் வாங்கினோம்.

மரை என்றால் என்ன?

நம் வீட்டில் திருகு வைத்த முறுக்கு அச்சு இருக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற தண்டு கீழே இறங்கி மாவை அழுத்தும். மாவைக் கையால் தள்ளினால் எவ்வளவு பலம் வேண்டும்! சுற்றினால் லேசாக இறங்குகிறது. மரை செய்யும் வேலை அதுதான். ஒரு காகிதத்தை மூலைக்கு மூலை வெட்டி முக்கோணமாக்கி, பென்சிலைச் சுற்றிச் சுருட்டிப் பாருங்கள். சரிவான ஓரம் பென்சிலைச் சுற்றிச் சுற்றி ஏறும். அந்தச் சரிவுதான் மரை.

மரைக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று கம்பியின் கனம். இன்னொன்று ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, அதைப் பிட்ச் என்பார்கள். நம் ஊர்களில் இருக்கும் இந்தியா மார்க் 2 பம்பின் ராடு எம்12. அதாவது 12 மி.மீ. கனம், 1.75 மி.மீ. பிட்ச். டையின் மேலேயே இந்த எண்களைப் பொறித்திருப்பார்கள். ஒரு முழுச் சுற்று சுற்றினால் நட்டு 1.75 மி.மீ. நகரும். 20 சுற்றுக்கு 35 மி.மீ. எவ்வளவு நீளம் மரை வந்திருக்கிறது என்று சுற்றை எண்ணியே சொல்லிவிடலாம்.

இந்த பம்பு பிறந்த கதையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, 1970களில் யுனிசெப் உதவியோடு இதை வடிவமைத்தார்கள். சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலைக்கும் இதில் பங்கு உண்டு. எந்தக் கம்பெனி செய்தாலும் ராடும் பைப்பும் நட்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று அளவுகளை நிர்ணயம் செய்தார்கள். அதனால்தான் இன்றைக்கு வாங்கிய ராடு முப்பது வருஷத்துப் பழைய பம்பிலும் ஏறுகிறது. மரை ஒன்றாக இருப்பதால் வந்த வசதி இது.

டை பிடிக்கும் முறை

நாங்கள் செய்யும் வரிசையை அப்படியே சொல்கிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.

1. பழைய ராடைப் பக்கத்தில் வைத்து அளந்து, புது ராடில் அடையாளம் போட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் அறுக்க வேண்டும்.

2. ஆக்ஸா பிளேடால் நேராக அறுக்க வேண்டும். பிறகு முனையின் ஓரத்தைச் சுற்றிலும் அரத்தால் சரிவாக ராவ வேண்டும். கூர் சீவாத பென்சில் முனையைக் கொஞ்சம் சீவிவிட்ட மாதிரி இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் டை பிடிக்காது.

3. ராடு அசையாமல் வைஸில் இருக்க வேண்டும். பம்பின் மேலேயே வைத்து வெட்டுவதானால் ராடுக்கு என்று இருக்கும் வைஸில் பிடித்துக்கொண்டு, பைப்பின் வாயைத் துணியால் இறுக்கி மூட வேண்டும். இரும்புத் தூள் ஒரு துளியும் உள்ளே விழக் கூடாது. அது நாம் குடிக்கும் தண்ணீர்.

4. டையை அதன் பிடியில் மாட்டும்போது பக்கம் பார்க்க வேண்டும். டையின் ஒரு பக்கம் மரையின் வாய் கொஞ்சம் அகலமாக இருக்கும். அந்தப் பக்கம்தான் முதலில் ராடில் ஏற வேண்டும். டையில் ஒரு வெட்டு இருக்கும். பிடியின் நடுத் திருகை இறுக்கினால் டை விரியும், பக்கத் திருகுகளை இறுக்கினால் சுருங்கும். முதல் தடவை விரித்து வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

5. டையை ராடின் தலையில் மட்டமாக உட்கார வைத்து, இரண்டு கையாலும் சமமாக அழுத்தி வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். முதல் இரண்டு மூன்று சுற்றில்தான் தலையெழுத்தே இருக்கிறது. அதற்குள் மூலைமட்டம் வைத்து, நான்கு பக்கமும் பார்த்துவிட வேண்டும். கோணல் என்றால் அப்போதே பின்னுக்குச் சுற்றி எடுத்துவிடலாம். ஐந்தாறு சுற்று போன பிறகு கோணலை நிமிர்த்த முடியாது.

6. டை பிடித்துக்கொண்டதும் அழுத்த வேண்டாம், அதுவே இழுத்துக்கொண்டு போகும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னுக்குச் சுற்றும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். இரும்புச் சுருள் ஒடிகிற சத்தம் அது. ஒடிக்காமல் முன்னுக்கே சுற்றினால் சுருள் அடைத்துக்கொண்டு மரையைப் பிய்த்துவிடும்.

7. எண்ணெய் விடாமல் இரும்பில் மரை வெட்டக் கூடாது. கட்டிங் ஆயில் நல்லது. அது இல்லாத அவசரத்துக்கு நாங்கள் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறோம், வேலை நடந்தது. எந்த எண்ணெய் ஆனாலும் மாட்டுவதற்கு முன் சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

8. முடிந்ததும் ஒரு நட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். விரலால் சுற்றினாலே ஏற வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் நடுத் திருகைத் தளர்த்தி, பக்கத் திருகைக் கொஞ்சம் இறுக்கி, இன்னொரு தடவை ஓட்ட வேண்டும்.

எங்கள் முதல் ராடு

இவ்வளவு வரிசையாகச் சொல்கிறோமே, முதல் நாளே இப்படிச் செய்தோமா? இல்லை. செட் வாங்கிய மறுநாளே எங்களுக்குப் பொறுக்கவில்லை. பழைய கம்பியில் பழகாமல், பஞ்சாயத்துக் கிடங்கில் இருந்த புது ராடை எடுத்து அறுத்து வெட்டினோம். டை கோணலாக ஏறியது. "கொஞ்சம்தானே, சரியாயிடும்" என்று சுற்றினோம். நட்டு போட்டால் சாய்ந்து நிற்கிறது. அந்த முனையை அறுத்துவிட்டு மறுபடி வெட்டினோம், மரை பிய்ந்தது. மறுபடி அறுத்தோம். ராடு குட்டையாகிவிட்டது. குட்டை ராடைப் போட்டால் பிஸ்டன் இருக்க வேண்டிய இடத்தைவிட உயரத்தில் தொங்கும். கைப்பிடியை அழுத்தும்போது சிலிண்டரின் மேல்மூடியில் போய் இடிக்கும். ஆக, ராடு வீண்.

அன்று சாயங்காலம் ஐந்து பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம். "லேத்துல கொடுத்தோம், அவங்க கெடுத்துட்டாங்கன்னு சொல்லிடலாமா?" என்று எங்களில் ஒருத்தர் கேட்டார். யார் என்று சொல்ல மாட்டோம். உண்மையைச் சொன்னால், மற்ற நாலு பேர் மனதிலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கடன் கேட்டபோது "எங்களால முடியும்" என்று சொன்னவர்கள் நாங்கள். முதல் வாரமே பொய் சொன்னால், அதன் பிறகு பதிவேட்டில் எழுதும் எந்தக் கணக்கை யார் நம்புவார்கள்? மறுநாள் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புது ராடு வாங்கி வைத்தோம். குழுப் பதிவேட்டிலும் எழுதினோம்.

வீணான அந்த ராடைத் தூக்கிப்போடவில்லை. துண்டு துண்டாக அறுத்து, ஒரு மாதம் அதிலேயே பழகினோம். ஐந்து பேரும் ஆளுக்குத் தொடர்ந்து மூன்று மரை நேராக வெட்டிய பிறகுதான் பம்பில் கை வைப்பது என்று எங்களுக்குள் தீர்மானம் போட்டோம். நீங்களும் கற்றுக்கொண்டால், தயவுசெய்து முதலில் பழைய கம்பியில் பழகுங்கள்.

டேப்பு செய்யும் வேலை

இப்போது டேப்பு. எங்கள் குழு நடத்தும் மாவு மில்லில் பெல்ட்டுக்கு மூடி ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் எம்10 போல்ட்டின் துளையில் மரை தேய்ந்துபோய், போல்ட் நிற்காமல் மூடி ஆடிக்கொண்டிருந்தது. பெல்ட் ஓடும் இடத்தில் மூடி கழன்றால் புடவைத் தலைப்பு போகும், கை போகும். துளை உள்ள பாகத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். நாங்கள் அந்தத் துளையை 10.2 மி.மீ. டிரில்லால் பெரிதாக்கி, எம்12 டேப்பு போட்டு, எம்12 போல்ட் மாட்டினோம். சுற்றிலும் இரும்பு கனமாக இருந்ததால் இது முடிந்தது. மெல்லிய தகடாக இருந்தால் முடியாது.

எந்த டேப்புக்கு எந்தத் துளை என்று ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கனத்திலிருந்து பிட்சைக் கழித்தால் போதும். எம்12க்கு 12இல் 1.75 போனால் 10.25, டிரில் 10.2 மி.மீ. எம்10க்குப் பிட்ச் 1.5, டிரில் 8.5 மி.மீ. எம்8க்கு 1.25, டிரில் 6.8 மி.மீ. எம்6க்கு 1, டிரில் 5 மி.மீ. இந்த நாலு வரியை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஒரு அளவுக்கு மூன்று டேப்பு வரும். முதலாவது முனை நன்றாகக் கூம்பி இருக்கும், அதுதான் வழி காட்டும். இரண்டாவது கொஞ்சம் கூம்பி இருக்கும். மூன்றாவது அடி வரை வெட்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. டேப்பையும் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்றுதான் ஓட்ட வேண்டும். மறுபக்கம் திறக்காத துளையாக இருந்தால், அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைக் கொட்ட வேண்டும். இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். வார்ப்பிரும்புக்கு எதுவும் வேண்டாம், சும்மாவே வெட்டலாம்.

டேப்பு ரொம்பக் கடினமான எஃகு. கடினமாக இருப்பது வளையாது, பட்டென்று ஒடியும். துளைக்குள் ஒடிந்துவிட்டால் டிரில் போட்டும் எடுக்க முடியாது. அதனால் இறுகும்போது பலத்தைக் காட்டாதீர்கள். பின்னுக்குச் சுற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு மறுபடி போங்கள்.

ஏமாறக்கூடிய இடம்

பழைய மெஷின்களில் இஞ்சு மரை இருக்கும். 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒரே மரை அளவு வேண்டும் என்று வகுத்தார். வெள்ளைக்காரன் காலத்து மெஷின்களோடு அது நம் ஊருக்கும் வந்தது. பிறகு மி.மீ. மரை வந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். 5/16 இஞ்சு போல்ட்டும் எம்8 போல்ட்டும் கனத்தில் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் பிட்ச் வேறு. ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கும். அங்கே ஸ்பேனரை வைத்துப் பலமாகத் திருகினால் இரண்டு மரையும் நாசம். கையால் ஏறாத நட்டு நம்முடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டோடு பிட்ச் கேஜ் ஒன்றும் வாங்கிவிடுங்கள். சீப்பு மாதிரி இருக்கும், மரையில் வைத்துப் பார்த்தால் எந்த அளவு என்று தெரிந்துவிடும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பம்பின் ஜி.ஐ. பைப்புக்கு இந்த டை ஆகாது. அது பைப் மரை, அதற்குத் தனி டை செட் வேண்டும். பைப் மரை சரியில்லாமல் போனால் பைப்பு மொத்தமும் போர்க்குழிக்குள் விழுந்துவிடும். பிரேக், ஸ்டியரிங் மாதிரி உயிர் தொங்கும் இடங்களுக்கு நாம் வெட்டிய போல்ட்டைப் போடக் கூடாது. அதற்குக் கம்பெனி போல்ட்தான். இன்னொன்று, ராடில் மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், துரு பிடிக்கும். பம்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். செக் நட்டை இறுக்க மறக்கக் கூடாது. காலனிப் பம்பில் மரை தேய்ந்ததற்கே காரணம், செக் நட்டு தளர்ந்து ராடு நாள் கணக்கில் ஆடிக்கொண்டிருந்ததுதான்.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். வளையலைக் கழற்றி வையுங்கள், கூந்தலை முடியுங்கள். டிரில் ஓட்டும்போது துணிக் கையுறை கூடாது, சுற்றிக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். இரும்புச் சுருளைக் கையால் தள்ளாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், பிரஷ் வைத்துத் தள்ளுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்க வையுங்கள்.

கூழ் ஊற்றிய நாள்

2023 ஆடி மாதம். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். காலையில் தெருக்கோடி பம்பு நின்றது. திறந்து பார்த்தால் அதே கோளாறு. எங்களுக்குக் கை நடுங்கியது உண்மை. ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. "பொம்பளைங்க இரும்பு அறுக்கறாங்க பாரு" என்று பின்னால் ஒரு குரல். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அளந்தோம், இரண்டாம் தடவை அளந்தோம், அறுத்தோம், ராவினோம், மூலைமட்டம் வைத்தோம், வெட்டினோம். நட்டு விரலால் ஏறியது. பத்தரை மணிக்குத் தண்ணீர் வந்தது. கூழும் ஊற்றினார்கள்.

அந்தப் பாட்டியும் வந்திருந்தார். அவர் மணிக்கட்டு இன்னும் முழுசாக நிமிரவில்லை. பம்படியில் உட்கார்ந்து நாங்கள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இதை அன்னிக்கே கத்துக்கிட்டிருக்கக் கூடாதாடி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வார்த்தையைத்தான் இன்றைக்கு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறோம்.

பெண்கள் இந்த வேலை செய்வது புதிதும் இல்லை. 1990களிலேயே உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், மகிளா சமாக்யா திட்டத்தில் கிராமத்துப் பெண்கள் கைப்பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி எடுத்து வேலை பார்த்தார்கள். தண்ணீர் இல்லையென்றால் முதலில் அலைவது பெண்தான். பம்பு எப்படி ஓடுகிறது என்றும் அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

"இப்ப வீட்டுக்கு வீடு குழாய் வந்தாச்சே, அடிபம்பு எதுக்கு?" என்று கேட்பீர்கள். 2019இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கிய பிறகு நிறைய வீடுகளுக்குக் குழாய் வந்தது, நல்லதுதான். ஆனால் கரண்ட் போனால், மோட்டார் எரிந்தால், புயல் வந்தால் கை கொடுப்பது அடிபம்புதான். பம்பு போகட்டும். டிராக்டர் கலப்பை, தீவனம் வெட்டும் மெஷின், மாவு மில், கட்டில், சைக்கிள் என்று மரை இல்லாத சாமான் எது? பம்பு வேலை இல்லாத மாதங்களில் இந்தச் சில்லறை வேலைகளில்தான் நாங்கள் தவணை கட்டினோம். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, இடம், என்ன கோளாறு, வாங்கிய கூலி என்று நோட்டில் எழுதுகிறோம். பஞ்சாயத்து வேலைக்கு ரசீது வாங்குகிறோம். நோட்டு இதோ இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு எங்கள் கோரிக்கை. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு டேப்பு, டை செட் கூட்டமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். வாங்கிப்போகும் குழு கையெழுத்துப் போட்டு எடுத்து, துடைத்து எண்ணெய் தடவித் திருப்பித் தர வேண்டும். கற்றுக்கொடுக்க நாங்கள் வருகிறோம், கூலி வேண்டாம், பஸ் காசு மட்டும் போதும். பழைய ராடு துண்டுகளையும் நாங்களே கொண்டுவருகிறோம். இதைத் தீர்மானமாக வைக்கும்படி தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறோம். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள். சம்மதம் இல்லாதவர்கள் எழுந்து கேள்வி கேளுங்கள். எங்கள் குழுவில் கேட்ட மாதிரியே கேளுங்கள்.